தெருமுனை சலூன்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஆண்களுக்கான அழகு நிலையங்கள் பெருகி வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏசி, கைபேசியில் முன்பதிவு, முகத்துக்கு விதவிதமான பூச்சு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். தெருமுனையில் இருக்கும் பழைய சலூன்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். காலத்துக்குத் தகுந்தபடி மாறாத கடைகள் மூடப்படுகின்றன என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. மூடப்படுவது வாஸ்தவம். மாறவில்லை என்று சொல்வது அநியாயம். அந்தக் கடைகள் மாறிய அளவுக்கு இந்த ஊரில் வேறு எந்தச் சின்னத் தொழிலும் மாறியிருக்குமா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈவ்னிங் பஜாரில் சலூன் சாமான்களை மொத்தமாக விற்ற ஒரு கடையில் லைனுக்குப் போகிற விற்பனையாளாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் 50. பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்கும். பிளேடு, ஷேவிங் கிரீம், பிரஷ், படிகாரக் கட்டி, பவுடர், சீப்பு, கத்தரிக்கோல், போர்த்துகிற துணி எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய கண்ணாடி வேண்டும் என்று யாராவது கேட்டால் தேவராஜ முதலி தெருவில் அளவுக்கு வெட்டி வாங்கி, சாக்கு சுற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், ஓட்டேரி, பிற்பாடு திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வரை என் லைன். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. ஏதாவது வேலையாக அந்தப் பக்கம் போனால் பழைய கடையில் உட்கார்ந்து ஒரு ஷேவிங் செய்துகொண்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். பல கடைகள் இருந்த இடத்தில் இப்போது கைபேசி ரீசார்ஜ் கடையோ பானிபூரிக் கடையோ இருக்கிறது.

மாற்றம் என்றேன். அதைச் சொல்கிறேன்.

நான் லைனுக்குப் போன புதிதில் எல்லாக் கடையிலும் மடக்குக் கத்திதான். தொழில் தெரிந்தவர், ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரில் செய்த கத்தியைத் தன் தகப்பனாரிடமிருந்து வாங்கி வைத்திருப்பார். வேலைக்கு இருக்கும் பையனைக்கூட அதைத் தொட விடமாட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரில் ஆணியடித்து ஒரு தோல்வார் தொங்கும். ஆள் உட்கார்ந்ததும் அதில் கத்தியை மேலும் கீழும் நாலு இழுப்பு இழுப்பார்கள். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். இந்தியாவில் எச்ஐவி முதல்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், இதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். சுவரொட்டி, வானொலி, தெருக்கூத்து என்று எல்லாவற்றிலும் பிரச்சாரம். ஒரே கத்தி பலர் முகத்தில் படுகிறதே, கீறினால் ரத்தம் வழியாக நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று சலூனுக்கு வருகிறவர்கள் கத்தியைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தார்கள்.

சில வருஷத்துக்குள் என் பையில் இருந்த தோல்வாரும் சாணைக்கல்லும் விலைபோகாமல் நின்றுவிட்டன. பாதி பிளேடு மாட்டுகிற கத்திக்கு ஆர்டர் குவிந்தது. டோபாஸ், 7 ஓ'கிளாக் மாதிரி இருபக்கப் பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து ஒடித்தால் சரிபாதியாக உடையும். ஒரு பாதி ஒரு ஆளுக்கு. முடிந்ததும் அவர் கண்ணெதிரே எடுத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். படிக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். மடக்குக் கத்திக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்திலேயே முடி வெட்டுப்படும், கை சும்மா வழிநடத்தினால் போதும். பாதி பிளேடு மாட்டிய கத்தி வெறும் தகரம். கொஞ்சம் அழுத்தினால் தோலைக் கிழிக்கும், அழுத்தாவிட்டால் முடி நிற்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மணிக்கட்டைப் புதிதாகப் பழக்கினார்கள். ஓட்டேரியில் ஒருவர் ஊதிய பலூன் மேல் சோப்பு நுரை பூசி, கடை மூடிய பிறகு உட்கார்ந்து பழகினதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு அரசாங்கம் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. பிளேடு செலவும் அவர்கள் தலையில்தான். அப்படி மாறியவர்களைத்தான் உங்கள் கட்டுரை மாறாதவர்கள் என்கிறது.

அடுத்த அடி 2010-இல் வந்தது. ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்கென்றே கார்டு என்று ஒரு ரேசர் விட்டது. ரேசர் 15 ரூபாய், மாற்றிப் போடுகிற பிளேடு 5 ரூபாய். அதுவரைக்கும் இரண்டு நாளைக்கு ஒருமுறை சலூனில் ஷேவிங் செய்துகொண்ட ஆட்டோக்காரர், மூட்டை தூக்குகிறவர், வாட்ச்மேன் எல்லோரும் அதை வாங்கினார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை சலூனுக்குக் கொடுக்கும் காசில் அவர்களுக்கு ரேசரே கிடைத்தது. அப்புறம் தாடி வைக்கிற மோகம் வந்தது. கல்யாண மாப்பிள்ளைகூட தாடியோடு மணவறையில் உட்காருகிறார். நல்லது, அது அவரவர் விருப்பம். ஆனால் தினசரி வருமானம் என்று சலூனுக்கு இருந்தது ஷேவிங்தான். கட்டிங் மாதத்துக்கு ஒரு தடவை. ஷேவிங் போனதும் கடை வாசலில் ஆள் நடமாட்டமே குறைந்துபோனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. சென்னையில் சலூன்கள் மறுபடி திறந்தது ஜூனில்தான். திறந்தபோதும், வருகிறவர் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் எழுதி வை என்றார்கள். ஏசி போடாதே என்றார்கள். ஆளுக்கு ஆள் துணி மாற்று என்றார்கள். எல்லாவற்றையும் செய்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் வீட்டிலேயே டிரிம்மர் வாங்கிப் பழகியவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

ஆக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்த எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்துத்தான் இந்தக் கடைகள் நிற்கின்றன. அவை நிற்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்பதற்கு, நான் பார்த்த ஒரு ஷேவிங்கைச் சொல்ல வேண்டும்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு கடை. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, எதிரெதிரே இரண்டு கண்ணாடி. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கே கூட்டம் இருக்கும், மறுநாள் காலைப் பூசைக்குப் போகிறவர்கள் வருவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். நடுக்குவாதம். கை மட்டுமில்லை, தலையும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மகன் ரேசரால் முயன்று தாடையில் இரண்டு இடத்தில் கீறல். "வா நைனா, உக்காரு" என்று கடைக்காரர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நாற்காலியின் தலைப்பலகையை இறக்கி அவர் பின்னந்தலை படியும்படி வைத்தார். தண்ணீரைத் தெளித்தார். உடனே பிரஷை எடுக்கவில்லை. வெறும் விரலால் கன்னம், தாடை, கழுத்து என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். நேற்றைய மேட்ச் பற்றிப் பேசினார். பேசப் பேசப் பெரியவரின் ஆட்டம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை.

நுரை பூசிய பிறகு இடது உள்ளங்கையை விரித்து நெற்றியில் வைத்துத் தலையைப் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். வலது கையில் கத்தி. ஒரு சாதாரண ஆளுக்குக் காதிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பாக இழுப்பார்கள். இவருக்கு அரை விரற்கடை, அரை விரற்கடையாக. நடுக்கம் ஓயும் நேரம் பார்த்துக் கத்தி இறங்குகிறது. அது திரும்ப எழுவதற்குள் கத்தி மேலே வந்துவிடுகிறது. எப்போது எழும் என்று அவருடைய இடது கைக்கு முன்னாலேயே தெரிந்தது. மேலுதட்டுக்கு வந்தபோது மூக்கு நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். தொண்டையில் "எச்சில் முழுங்கு நைனா" என்றார். முழுங்கி முடித்ததும் குரல்வளைக் குமிழின் மேலிருந்த தோலைப் பக்கவாட்டில் இழுத்து, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து வழித்தார். வழித்த நுரையை இடது முன்னங்கையில் வைத்திருந்த காகிதத் துண்டில் துடைத்தார். ஐயா, அந்தத் துண்டு உங்கள் நாளிதழ்தான். காலையில் பத்துப் பேர் அந்தக் கடையில் அதைப் படிப்பார்கள். மறுநாள் கத்தரித்து அடுக்கி வைத்துக்கொள்வார்கள்.

கீழ்நோக்கி ஒருமுறை, அப்புறம் மறுபடி நுரை பூசி மேல்நோக்கி ஒருமுறை. படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தேய்த்தார். மகன் போட்ட பழைய கீறலில் பட்டபோது மட்டும் பெரியவர் "ஸ்" என்றார். புதிதாக ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. துண்டால் ஒற்றி, பவுடர் போட்டு, கண்ணாடியைப் பார்க்க வைத்தார். பெஞ்சில் காத்திருந்த யாரும் நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார். கடைக்காரர் நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோருக்கும் அங்கே ஷேவிங் அறுபதுதான்.

இந்த வேலையை எந்தக் கருவியை வைத்துச் செய்வீர்கள்? டிரிம்மர் வைத்துச் செய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் முடி முள்ளுமுள்ளாக நிற்கும், வயதானவர்களுக்குச் சுருங்கிய தோலில் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முகம் மழித்துச் சுத்தமாக இருப்பது வயதான, நோயுற்ற ஒரு ஆளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் அண்ணன் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். எங்கள் தெரு சலூன்காரர் கடையைச் சாத்திய பிறகு ராத்திரி வீட்டுக்கு வந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, வாய் கோணிப்போன பக்கத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொல்லி, முடியாதபோது தன் விரலாலேயே இழுத்துப் பிடித்து ஷேவிங் செய்வார். முடிந்ததும் அண்ணன் சைகையால் கண்ணாடி கேட்பார். மறுநாள் முழுக்கக் கொஞ்சம் தெம்பாக இருப்பார். இந்த ஊரில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா? மூடப்படுகிற ஒவ்வொரு கடையோடும் அந்தத் தெருவில் படுத்திருக்கிற ஆட்களுக்கு இந்த உதவி போய்விடுகிறது.

என் மகன் என்னை ஒரு வணிக வளாகத்தில் உள்ள பெரிய சலூனுக்கு அழைத்துப் போனான். கடை சுத்தம், பிள்ளைகள் மரியாதை, கட்டிங்கும் நன்றாகவே இருந்தது. ஷேவிங் என்றதும் அந்தப் பையன் தயங்கினான். தங்களுக்குப் பயிற்சியில் பிளேடு எடுக்கச் சொல்லித்தரவில்லை என்று உள்ளதைச் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. ஒருவர் முகத்தில் பிளேடு வைக்க ஒரு வருஷமாவது பக்கத்தில் நின்று பழக வேண்டும். மாதக்கணக்கில் சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் அதற்கு நேரம் எங்கே?

பழைய கடைகளில் அதைப் பழகிய விதமே வேறு. சின்ன வயதில் முதலில் தண்ணீர் பிடிப்பது, துணி உதறுவது, கூட்டுவது. அப்புறம் நுரை பூசுவது. நுரையைச் சரியாகப் பூசத் தெரிந்தால்தான் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கழுத்தில் இடது பக்கம் ஒரு சுழி, வலது பக்கம் ஒரு சுழி பலருக்கு இருக்கும். அதை அறியாமல் இழுத்தால் அடுத்த நாள் கொப்புளம். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கடைக்காரர்களின் பிள்ளைகள் இப்போது படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், ரொம்ப சந்தோஷம், அதற்குத்தான் அவர்கள் உழைத்தார்கள். அவர்கள் இடத்தில் உத்தரப் பிரதேசம், பிகாரிலிருந்து வருகிற பையன்கள் நிற்கிறார்கள். அவர்களில் நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள். யார் கையில் இருந்தாலும் தொழில் இருந்தால் சரி.

ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை சலூனுக்கு ஒரு நாள்காட்டி உண்டு என்பதும் உங்கள் நிருபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் தாடியை ஓரம் ஒதுக்கி அழகாக வெட்டிக்கொள்ள வருவார்கள். ரம்ஜானுக்கு முதல் நாள் இரவு விடிய விடியக் கடை திறந்திருக்கும். புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம் இருக்கிறவர்கள் வரமாட்டார்கள். கார்த்திகையில் மாலை போட்டால் மகரஜோதி முடிகிற வரை பல கடைகளில் ஷேவிங்கே இல்லை, தை பிறந்ததும் கும்பலாக வந்து நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் விடுமுறை. நான் சரக்குப் போடுவதே இந்தக் கணக்கை வைத்துத்தான். கார்த்திகையில் பிளேடு அதிகம் போட்டால் பணம் வசூலாகாது.

இந்தக் கடைகள் மேல் எனக்கு இன்னொரு கடன் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனசு வரவில்லை. நான் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் காலனியில் பிறந்தவன். எங்கள் ஊரில் எங்கள் தெரு ஆட்களுக்கு முடி வெட்டுகிறவர் வரமாட்டார், அவர் கடைக்கு நாங்களும் போக முடியாது. எங்கள் ஆட்களில் ஒருவர் வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார வைத்து வெட்டிவிடுவார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அந்த முடி வெட்டுகிறவரை மட்டும் ஊர் உயர்த்தி வைத்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. அவருக்கும் அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல்தான் கூலி. வீட்டுக் கொல்லைப்புறமாக வரவேண்டும். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். எங்களுக்கு வெட்டினால் அந்த நெல்லும் நின்றுபோகும். அவர் பயம் அவருக்கு.

மெட்ராஸுக்கு வந்து வியாசர்பாடியில் ஒரு சலூனுக்குள் நுழைந்தபோது எனக்கு உள்ளூர உதறல். சுவரில் விலைப்பலகை இருந்தது. கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு. அவ்வளவுதான். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. முன்னால் வந்தவர் எழுந்ததும் அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, அதே துணியைப் போர்த்தினார்கள். கடைக்காரர் என் முகத்தைத் தொட்டுத் திருப்பினார். அந்த விலைப்பலகை எனக்கு மட்டும் நல்லது செய்யவில்லை. அவருக்கும்தான். நெல்லுக்குக் காத்திருக்காமல், கடைக்கு ஒரு பெயர் வைத்து, செய்த வேலைக்குக் காசு வாங்கி, செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று எழுதிப்போட்டுத் தன் இஷ்டப்படி பூட்டிவிட்டுப் போகிற உரிமை அவருக்குக் கிடைத்தது. நகரம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கொடுத்த மரியாதை அது. கிராமங்களில் சலூனில் முடிவெட்ட மறுத்தார்கள் என்ற செய்தி இன்றைக்கும் உங்கள் நாளிதழிலேயே வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால்தான் அறுபது ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய நாற்காலி இந்த நகரத்தில் குறையக்கூடாது என்கிறேன். ஒரு ஷேவிங்குக்கு முந்நூறு ரூபாய் கேட்கிற இடத்தில் என் தெருவில் குப்பை அள்ளுகிற தம்பி எப்படிப் போய் உட்காருவார்?

சரி, என்ன செய்யலாம்?

2025 செப்டம்பரில் சலூன் சேவைகளுக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல செய்தி என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. ஆனால் ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்கிற கடை ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது. இரண்டு நாற்காலிக் கடைக்கு அந்தக் குறைப்பால் ஒரு பைசா லாபமில்லை. வரி குறைந்தது பெரிய கடைகளுக்குத்தான். சின்னக் கடையை நெரிப்பது இரண்டே இரண்டு செலவு. வாடகை ஒன்று, மின்கட்டணம் ஒன்று. வாடகையில் அரசு தலையிடுவது கஷ்டம் என்பது எனக்கும் புரிகிறது. மின்கட்டணம் அரசு கையில் இருக்கிறது. தெருமுனை சலூனுக்கும் நகைக்கடைக்கும் ஒரே வணிகப் பிரிவில்தான் கட்டணம் போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஏறியது, 2023 ஜூலையில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது.

இன்னொரு மாநிலத்தைப் பாருங்கள். தெலங்கானாவில் 2021 ஏப்ரலிலிருந்து சலூன்களுக்கும் சலவைக் கடைகளுக்கும் மாதம் 250 யூனிட் வரை மின்சாரம் இலவசம். நம் மாநிலத்துக்கும் இந்த மாதிரிச் சலுகை புதிதில்லை. இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறோம். நெசவாளிக்குக் கொடுத்தது ரொம்ப நியாயம். அதே நியாயம் கத்தியும் சீப்பும் பிடிக்கிற கைக்கும் உண்டு. எல்லா சலூனுக்கும் கேட்கவில்லை. இரண்டு, மூன்று நாற்காலிக்குள் இருக்கிற, ஏசி இல்லாத கடைகளுக்கு மட்டும் கொடுத்தால்கூடப் போதும். ஒரு ஃபேன், இரண்டு டியூப்லைட், ஒரு டிரிம்மர். அரசுக்கு அது பெரிய பாரமாக இருக்காது.

இன்னொன்று, முடி திருத்துவோருக்கென்று மாநிலத்தில் நலவாரியமே இருக்கிறது. எனக்குத் தெரிந்த பழைய கடைக்காரர்களில் பலர் அதில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தவர்களில் சிலர் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அறுபது வயது தாண்டிய பிறகு விவரம் தெரிந்து என்ன பிரயோஜனம்? கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போய் நிற்க அவர்களுக்கு முடிவதில்லை. ஒரு நாள் கடை சாத்தினால் அன்றைய அரிசி போயிற்று. ஷேவிங் கற்றுக்கொடுக்கிற மூத்த கடைக்காரருக்கு, ஒரு பையனைக் கூட வைத்துப் பழக்குகிற காலத்துக்கு, வாரியத்திலிருந்து ஒரு தொகை கொடுத்தால் தொழிலும் அடுத்த கைக்குப் போய்ச் சேரும். இதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அந்தக் கடையே போதும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஊர் சலூன்களிலும் பத்திரிகை படிக்கிற பழக்கம் வளர்ந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் சத்தமாகப் படிக்க, படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் சலூனுக்குள் நூலகமே வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் வானொலியில் பிரதமரே அவரோடு பேசினார். சென்னைக் கடைகளில் கைபேசி வந்த பிறகு பலர் நாளிதழை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் இன்னும் வாங்கிப் போடுகிறவர்களைத் தேடி, பேட்டைக்கு ஒரு கடை வீதம் உங்கள் நிருபரை அனுப்புங்கள். புகைப்படம் எடுத்துவிட்டு வந்தால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷேவிங் செய்துகொண்டு வந்து எழுதச் சொல்லுங்கள். எந்தெந்தக் கடை எங்கே என்று கேட்டால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

அரசு அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சின்ன விண்ணப்பம். நலவாரியப் பதிவு முகாமானாலும் சரி, மின்கட்டணம் ஏற்றுமுன் மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டமானாலும் சரி, தயவுசெய்து செவ்வாய்க்கிழமையில் வையுங்கள். அன்றைக்குத்தான் கடைக்காரர்களால் வர முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விற்பனையாளர்,
வியாசர்பாடி, சென்னை-39